வெளியூர் வெள்ளோட்டத்துக்கும் பிராட்வே முதல் நாளுக்கும் நடுவில் ஒரு மியூசிக்கலில் என்னென்ன மாறும்? தெரிந்தவர்கள் பகிருங்கள்

மியூசிக்கல் என்றால் பாட்டும் ஆட்டமும் கலந்த மேடை நாடகம். நியூயார்க்கின் பிராட்வேயில் திறக்கும் முன் வேறு ஊர்களில் நடத்திப் பார்ப்பதுதான் வெள்ளோட்டம். "பாட்டைத் தூக்கினார்கள், வேறு பாட்டைப் போட்டார்கள்" என்பதோடு இந்தப் பேச்சு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. எந்தப் பாட்டு, எந்த ஊரில், ஏன் போனது, அந்த இடத்துக்கு எது வந்தது என்று குறிப்பாக எழுதினால் எல்லோருக்கும் உபயோகமாக இருக்கும். தொடங்கி வைக்கிறேன்.

1962. "எ ஃபன்னி திங் ஹேப்பண்ட் ஆன் தி வே டு தி ஃபோரம்". நியூ ஹேவனிலும் வாஷிங்டனிலும் சிரிப்பே வரவில்லை. இத்தனைக்கும் வசனமெல்லாம் வெடி. கோளாறு முதல் பாட்டில் இருந்தது. "லவ் இஸ் இன் தி ஏர்" என்று மென்மையாக, காதல் கதை போலத் தொடங்கினார்கள். ஜனங்கள் காதல் கதைக்குத் தயாராகி உட்கார்ந்தார்கள். வந்ததோ அடிதடி, ஆள்மாறாட்டம், கதவுக்குக் கதவு ஓட்டம். சரிசெய்ய வந்த ஜெரோம் ராபின்ஸ் முதல் பாட்டை மாற்றச் சொன்னார். இசையமைப்பாளர் சோண்ட்ஹைம் "காமெடி டுனைட்" எழுதினார். இன்றைக்கு இரவு சிரிக்கத்தான் போகிறீர்கள் என்று முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடும் பாட்டு அது. அதன் பிறகு அதே நகைச்சுவைக்குச் சிரிப்பு வந்தது. நடுவில் ஒரு காட்சி படுத்தால் முதலில் அந்தக் காட்சியைத் தோண்டாமல் முதல் பத்து நிமிடத்தைப் பாருங்கள் என்பது இந்தத் தொழிலில் பால பாடம்.

* * *

முதல் பதிவில் சொன்னது சரி, ஆனால் ஒரு பாட்டை மாற்றுவது எவ்வளவு வேலை என்பது வெளியே தெரிவதில்லை. அதை எழுதுகிறேன்.

"ஹலோ, டாலி!"யை எடுத்துக்கொள்வோம். 1963 நவம்பரில் டெட்ராய்ட் ஃபிஷர் தியேட்டர். முதல் பாதியின் கடைசிப் பாட்டு "பென்னி இன் மை பாக்கெட்", பாடுவது கஞ்சக் கடைக்காரர் வேண்டர்கெல்டர். பாட்டு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நாடகம் யாருடையது? டாலியுடையது. இடைவேளைக்குத் திரை விழும்போது ஜனங்கள் கண்ணில் நிற்க வேண்டியவர் அவர். அதனால் அந்தப் பாட்டு போய், "பிஃபோர் தி பரேட் பாசஸ் பை" வந்தது. 1964 ஜனவரி 16 அன்று நியூயார்க்கில் திரை ஏறியபோது முதல் பாதி இந்தப் பாட்டோடுதான் முடிந்தது.

இனி வேலைக் கணக்கு. மெட்டும் வரியும் பியானோவோடு தயாரானதும் முதலில் சுருதி பார்ப்பார்கள். பாடுபவர் களைத்திருக்கும் நேரத்தில் வாரத்தின் எட்டு காட்சியும் தாங்கக்கூடிய சுருதியாக அது இருக்க வேண்டும். அதன் பின் நடன இசையமைப்பாளர் ஆட்டத்துக்கான பகுதியை நீட்டுவார். ஆர்கெஸ்ட்ரேட்டர் எல்லா வாத்தியத்துக்கும் பிரித்து முழு ஸ்கோர் எழுதுவார். அதிலிருந்து காப்பியிஸ்ட் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனி நோட்டு எடுக்க வேண்டும். மூன்று நிமிடப் பாட்டு சுமார் 100 பார் (தாளக் கட்டம்) வரும். 25 பேர் வாசித்தால் 2,500 பார். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் ஓட்டல் அறையில் ராத்திரி முழுக்கக் கையால் எழுதியது இதுதான். பக்கம் திருப்பும் இடத்தில் ஓய்வு இல்லையென்றால் தாள் திருப்பும்போது வாசிப்பு விழும். ஒரே ஆள் புல்லாங்குழலும் கிளாரினெட்டும் வாசிப்பவராக இருந்தால், ஒன்றை வைத்து மற்றதை எடுக்க நாலு பாராவது விட வேண்டும். அவசரத்தில் இந்த இரண்டும்தான் அதிகம் தவறும்.

நோட்டு வந்து சேராவிட்டால் புதுப் பாட்டை முதல் இரவு பியானோ, பாஸ், டிரம்ஸ் மட்டும் வைத்து ஓட்டிவிடுவதும் உண்டு. மேளம் இல்லாத கல்யாணம் மாதிரிதான் இருக்கும். ஆனால் பாட்டு அந்த இடத்தில் நிற்குமா விழுமா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

* * *

ஸ்டேஜ் மேனேஜர் பக்கம் நடப்பதையும் சேர்க்கிறேன்.

பிரதியில் மாற்றம் வந்த பக்கம் வேறு நிறத் தாளில், தேதி போட்டு வரும். பழைய பக்கத்தை அன்றே பிடுங்கிவிட வேண்டும். இரண்டும் ஒரே கோப்பில் கிடந்தால் என்றாவது ஒரு நாள் விளக்குக்காரர் பழையதைப் பார்த்து அழுத்துவார். எண்களை மறுபடி போடவே கூடாது. 45-வது பாருக்குப் பின் நாலு பார் சேர்ந்தால் அவை 45ஏ, 45பி, 45சி, 45டி. 87-க்கும் 88-க்கும் நடுவில் புது விளக்கு க்யூ (விளக்கை மாற்றச் சொல்லும் குறிப்பு) வந்தால் அது 87.5. "எல்லாம் குழப்பமாக இருக்கிறது, ஒன்றிலிருந்து எண் போட்டுவிடலாம்" என்று யாராவது கிளம்பினால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். இசைக்குழு, விளக்கு, ஒலி, மாற்று நடிகர்கள் எல்லோர் தாளிலும் பழைய எண்தான் இருக்கிறது.

நடிகர்களுக்கு இதைவிடக் கொடுமை. மதியம் புது வசனத்தில் ஒத்திகை, ராத்திரி பழைய வசனத்தில் காட்சி. புதியது மேடையேறும் நாள் வரை இரண்டும் தலைக்குள் இருக்கும். ஒருவர் பாதி வசனத்தில் புதியதற்குத் தாவினால் எதிரில் நிற்பவர் தவித்துப்போவார். அதனால்தான் எந்த மாற்றம் எந்த இரவில் ஏறுகிறது என்று அறிவிப்புப் பலகையில் ஒரே தாள் ஒட்டுவார்கள். அந்தத் தாள் வேதம். வாய்மொழி மாற்றம் செல்லாது.

* * *

நேரத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. வெளியூரில் முதல் தலைவலி அதுதான்.

"கேமலாட்" 1960 அக்டோபர் 1 அன்று டொராண்டோ ஓகீஃப் சென்டரில் திரை ஏறியபோது சுமார் நாலரை மணி நேரம் ஓடியது. கதை எழுதிய லெர்னர் வயிற்றுப் புண்ணோடு ஆஸ்பத்திரியில் படுத்தார். அவர் எழுந்து வரும்போது இயக்குநர் மாஸ் ஹார்ட் மாரடைப்பில் விழுந்தார். வெட்ட வேண்டியவர்களே படுத்துவிட்டால் யார் வெட்டுவது? டிசம்பர் 3 அன்று நியூயார்க்கில் தொடங்கிய பிறகும் வெட்டு தொடர்ந்தது.

ஆரம்பக்காரர்கள் இங்கொரு வரி அங்கொரு வரி என்று கிள்ளுவார்கள். அப்படிச் செய்தால் எல்லாக் காட்சியும் நொண்டும், நேரமும் மிஞ்சாது. வெட்டினால் துண்டாக வெட்ட வேண்டும். இதே குழுவின் "மை ஃபேர் லேடி" அதற்கு நல்ல உதாரணம். 1956 பிப்ரவரியில் நியூ ஹேவனில் கதாநாயகி எலைசா விருந்துக்குத் தயாராவதைச் சொல்ல "கம் டு தி பால்", அவளை அலங்கரிக்கும் ஒரு நடனம், "சே எ பிரேயர் ஃபார் மீ டுனைட்" என்று மூன்று இருந்தன. மூன்றையும் எடுத்துவிட்டு ஒரு சின்ன வசனக் காட்சியை வைத்தார்கள். அவள் உடுத்தித் தயாராகி மாடிப்படியில் வந்து நிற்பதைப் பார்த்தால் போதும், தயாரான விதத்தை எதற்கு மூன்று தடவை சொல்ல வேண்டும்? வெட்டியதில் "சே எ பிரேயர்" பாட்டு வீணாகவில்லை. 1958-இல் வந்த "ஜிஜி" படத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

வெட்டும்போது மாட்டிக்கொள்வது எங்கே என்றால், அந்தப் பாட்டு இன்னொரு வேலையும் செய்துகொண்டிருக்கும். நம் கம்பெனி நாடகத்தில் உள்ளே தர்பார் செட் மாட்டுகிற நேரத்துக்கு முன்படுதாவில் பபூன் வருவாரே, அதே சங்கதி. 2 நிமிடம் 40 விநாடிப் பாட்டைத் தூக்கினால், அதன் மறைவில் உடை மாற்றிக்கொண்டிருந்த கதாநாயகிக்கு 40 விநாடிகூட இருக்காது. கோர்செட், விக், விக்குக்குள் மைக். அப்போது செய்வது மூன்று: அடுத்த உடையை உள்ளேயே போட்டுவிடுவது, கொக்கியை எடுத்து ஜிப்போ வெல்க்ரோவோ தைப்பது, வெட்டிய பாட்டின் கடைசி 16 பாரைக் கோரஸுக்குக் கொடுத்து படுதா முன் பாட வைப்பது. சரியான இடத்தில் மறுபடி வந்ததாக விமர்சகர் புகழும் சில மெட்டுகள் இப்படி ஜிப்புக்காக வந்தவையாகவும் இருக்கலாம் :)

மூன்று மணி நேரத்தைத் தாண்டினால் இசைக்குழுவுக்குக் கூடுதல் சம்பளம் என்பதும் கத்தரிக்குச் சாணை பிடிக்கும்.

* * *

எல்லா மாற்றமும் முன்னேற்றம் என்று எழுதிக்கொண்டே போகிறீர்கள். கொஞ்சம் மறுக்கிறேன்.

"கம்பெனி" 1970-இல் பாஸ்டனில் நடந்தபோது கடைசிப் பாட்டு "ஹேப்பிலி எவர் ஆஃப்டர்". கல்யாணத்தைப் பற்றிக் கசப்பு தோய்ந்த பாட்டு. ஜனங்களால் அதோடு வீட்டுக்குப் போக முடியாது என்று கருதி "பீயிங் அலைவ்" வந்தது. அருமையான பாட்டுதான். ஆனால் அதுவரை கல்யாணத்திலிருந்து தப்பித்து ஓடிக்கொண்டிருந்த ஆள் ஐந்து நிமிடத்தில் மனம் மாறுவதை நம்ப வைக்கும் பாரம் முழுவதும் நடிகர் தலையில் விழுந்தது. சுமாரான நடிகர் கிடைத்தால் முடிவு ஒட்டவைத்தது மாதிரி தெரியும்.

ஆனால் மறுவருடம் அதே பாஸ்டனில் "ஃபாலிஸ்"க்கு நடந்ததை நான் குறை சொல்ல மாட்டேன். இவான் டி கார்லோவுக்குக் கொடுத்த "கேன் தட் பாய் ஃபாக்ஸ்ட்ராட்" ஒரே ஒரு ஜோக்கை வைத்து ஓட்டும் பாட்டு. இரண்டாவது சரணத்திலேயே காற்று இறங்கிவிடும். அதற்குப் பதில் வந்த "ஐ'ம் ஸ்டில் ஹியர்" ஒரு நடிகையின் பல பத்தாண்டு வாழ்க்கையை அடுக்கடுக்காக ஏற்றிக்கொண்டு போகிறது. ஒரு வரியிலும் அதே இடத்தில் நிற்காது.

* * *

இன்றைய நிலை: செட் கனம் கூடிவிட்டது, லாரிச் செலவும் கூடிவிட்டது. மூன்று ஊர் சுற்றும் வழக்கம் போய், ஒரே ஊரில் சில வாரம், அப்புறம் நியூயார்க்கிலேயே பிரிவ்யூ, அதாவது திறப்புக்கு முந்தைய காட்சிகள். "விக்கெட்" 2003 மே, ஜூனில் சான் ஃபிரான்சிஸ்கோ கர்ரன் தியேட்டரில் நடந்தது. பிராட்வே திறப்பு அக்டோபர் 30. நடுவில் கிடைத்த மாதங்கள்தான் பெரிய வரம். "விச் வேஸ் தி பார்ட்டி?" போய் "டான்ஸிங் த்ரூ லைஃப்" வந்தது, விசார்ட் வேடத்தில் ராபர்ட் மோர்ஸுக்குப் பதில் ஜோயல் கிரே வந்தார். 1943-இல் "ஓக்லஹோமா!"வுக்கு நியூ ஹேவன் முதல் நாளிலிருந்து நியூயார்க் முதல் நாள் வரை இருந்தது 20 நாள். அதற்குள் பெயரே மாறியது. வெளியூரில் அது "அவே வி கோ!".

வெளியூர் போகாமல் நேரே இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு "ஸ்பைடர்-மேன்: டர்ன் ஆஃப் தி டார்க்". 182 பிரிவ்யூ, நடுவில் மூன்று வாரத்துக்கு மேல் அரங்கை மூடி வேலை. எல்லாத் தடுமாற்றமும் ஊர் பார்க்க நடந்தது.

ரஹ்மான் பங்கெடுத்த "லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்" வெள்ளோட்டம் என்ற பெயரில் நடக்கவில்லை. ஆனால் 2006-இல் டொராண்டோவில் சுமார் மூன்றரை மணி நேரம் ஓடியது, 2007-இல் லண்டன் ட்ரூரி லேனில் சுமார் மூன்று மணி நேரமாக இறங்கியது. பலன் அதேதான்.

* * *

கடைசியாக ஓவர்ச்சர் பற்றி, அதாவது நாடகத்தின் பாட்டுகளைக் கோத்து இசைக்குழு ஆரம்பத்தில் வாசிக்கும் இசை. திறப்புக்குச் சில நாள் முன்பு "ஃப்ரீஸ்" அறிவிப்பார்கள். விமர்சகர்கள் அந்தக் கடைசிப் பிரிவ்யூக்களிலேயே வந்து பார்ப்பதால், அதன் பின் ஒரு வார்த்தை மாறக் கூடாது. எந்தப் பாட்டு மிஞ்சுகிறது என்று தெரியாமல் ஓவர்ச்சர் எழுத முடியாது என்பதால் அது ஏறக்குறைய கடைசியில்தான் தயாராகும். முன்னாலேயே எழுதி வைத்திருந்தால் ஃப்ரீஸ் அன்று ஒரு தடவை முழுக்க வாசிக்க வைத்துக் கேளுங்கள். டெட்ராய்டில் வெட்டிய பாட்டின் எட்டு பார் உள்ளே ஒளிந்திருக்கும். அச்சுக்குப் போன பாட்டுப் பட்டியலையும் அதே கையோடு சரிபாருங்கள். திருத்தத்துக்கு நேரமில்லையென்றால் துண்டுச்சீட்டு அடித்துச் செருக வேண்டியதுதான்.