‘களைப்பு’ வேண்டாம், ‘நைவு’ என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

சிறிய சுமையே திரும்பத் திரும்ப வந்து போவதால் உலோகத்தில் விரிசல் விழுந்து வளர்வதை ஆங்கிலத்தில் ‘ஃபட்டீக்’ (fatigue) என்பார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று நம் குழுவில் கேட்டதற்கு இதுவரை களைப்பு, சோர்வு, அயர்வு என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றையும் என் வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். மூன்றுக்கும் ஒரே கேள்விதான் திரும்பி வந்தது: “அப்ப கொஞ்ச நாள் ஓய்வு குடுத்தா சரியாகிருமா சேர்?” கேட்ட பிள்ளையில் பிழையில்லை. களைத்தவர் படுத்து எழும்பினால் தெளிவார். இரும்பு தெளியாது. ஒரு வருடம் சும்மா கிடந்தாலும் உள்ளே திறந்த விரிசல் அப்படியேதான் இருக்கும். கருத்தையே பிழையாகப் படிப்பிக்கிற சொல் நமக்கு வேண்டாம்.

போன மாதம் சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலையில் உடைந்த சாஃப்ட் ஒன்றை, வகுப்பில் காட்டுவதற்காகக் கேட்டு வாங்கி வந்தேன். பெல்ட் ஓடும் கப்பி பூட்டியிருந்த தண்டு. உடைந்த முகத்தைத் துணியால் துடைத்து, சன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தால் இரண்டு பகுதிகள் தெரியும். கப்பி நழுவாமல் பூட்டும் சாவித்துண்டு இறங்கும் காடியின் மூலையில் தொடங்கி முக்கால்வாசி மழமழவென்று கறுத்திருக்கிறது. அதில் அந்த மூலையைச் சுற்றி வளைவளைவாக மெல்லிய கோடுகள். மிச்சக் கால்வாசி கற்கண்டை உடைத்த மாதிரிச் சொரசொரப்பாக மினுங்குகிறது. கறுத்த பகுதி நெடுநாளாக வளர்ந்து வந்த விரிசல். மினுங்கும் பகுதி கடைசியில் ஒரேயடியாக முறிந்த இடம். அளவுக்கு மிஞ்சிச் சுமை ஏற்றவில்லை என்று ஆலைக்காரர் சொன்னதை நான் நம்புகிறேன். அங்கே நின்ற மெக்கானிக் காக்கா (அண்ணன்) அந்தக் கோடுகளை விரலால் தடவிவிட்டுச் சொன்னார்: “ஒரே நாள்ல உடஞ்சதில்ல தம்பி. ஒள்ளுப்பம் ஒள்ளுப்பமா நைஞ்சு வந்திரிக்கி.”

ஒள்ளுப்பம் என்றால் கொஞ்சம். ‘நைஞ்சு’ என்ற அந்தச் சொல்லோடுதான் வீட்டுக்கு வந்தேன்.

நடந்தது இதுதான். பெல்ட் இழுக்கும்போது தண்டு மெல்ல வளைகிறது. ஒரு பக்கம் இழுபடுகிறது, எதிர்ப்பக்கம் நசிபடுகிறது. அரைச் சுற்றில் இரண்டும் இடம் மாறும். நிமிடத்துக்கு 600 சுற்று என்றால் மணிக்கு 36,000 தடவை. ஆலை நாளுக்கு எட்டு மணித்தியாலம் ஓடினால் நாலாம் நாளே பத்து இலட்சத்தைத் தாண்டிவிடும். ஒவ்வொரு தடவையும் வரும் தகைப்பு, அதாவது ஒரு சதுர மில்லிமீற்றருக்கு வரும் விசை, சிறியதுதான். ஓர் உதாரணம்: 100 சதுர மில்லிமீற்றர் குறுக்குவெட்டுள்ள உருக்குக் கம்பியை 10,000 நியூற்றனால் இழுத்தால், தகைப்பு சதுர மில்லிமீற்றருக்கு 100 நியூற்றன். ஒரு மீற்றர் கம்பி அரை மில்லிமீற்றர் நீளும், அதாவது விகாரம் (நீண்ட அளவை முழு நீளத்தால் வகுத்தது) 0.0005, விட்டதும் பழைய நீளத்துக்கு வந்துவிடும். மென்னுருக்கு நிரந்தரமாக நீண்டுபோக சதுர மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 250 நியூற்றன் வேண்டும். ஆனால் காடியின் கூர்மூலையில் தகைப்பு குவிந்து பெருகுகிறது. விரிசல் பிறப்பது அங்கேதான்.

(தமிழ்நாட்டு நண்பர்கள் தகைவு, திரிபு என்பார்கள். விகாரம் என்றதும் எங்கள் பிள்ளைகள் முகம் சுளிப்பதுண்டு. ஆனால் விகாரப் புணர்ச்சியில் தோன்றல், திரிதல், கெடுதல் மூன்றும் அடக்கம் அல்லவா? அவர்கள் சொல்லும் நம் சொல்லும் ஒரே இலக்கணத் திண்ணையிலிருந்து எழும்பியவை.)

மயிற்பீலி ஏற்றிய வண்டிக்கும் ‘அச்சிறும்’ (அச்சு முறியும்) என்ற குறளைக் காட்டி ‘இறல்’ என்று குழுவில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். அழகான சொல், எனக்கும் ஆசைதான். ஆனால் குறளில் அச்சு முறிவது அளவுக்கு மிஞ்சி ஏற்றியதால். நமக்குச் சொல் வேண்டியது அளவோடு ஏற்றியும் முறிகிற அச்சுக்கு. 19ஆம் நூற்றாண்டில் ரயில் அச்சுகள் ஏன் முறிகின்றன என்று சோதித்த ஜேர்மன் பொறியியலாளர் வோலர் கண்டதும் அதுதான்: ஒரு தடவை தாங்கும் சுமையை அதே அச்சு பல இலட்சம் தடவை தாங்குவதில்லை.

சாரன் (லுங்கி) நைகிறது, தோணிக் கயிறு நைகிறது. பாவிக்கப் பாவிக்கத்தான் நைகிறது. நைந்தது பழையபடி ஆவதில்லை. மனம் நைந்தது என்றும் சொல்கிறோம், ஆகவே வெளிநாட்டுச் சொல்லில் இருக்கும் மனிதச் சாயலும் விட்டுப்போகவில்லை. ‘நைவு’ என்பது தகைப்பு, விகாரம் போலவே சிறிய சொல்.

தேய்வோடு குழம்பாதா என்று குழுவில் அக்கா ஒருவர் கேட்டது நியாயம். தேய்வில் பொருள் கழிகிறது. டயரையோ செருப்பையோ நிறுத்துப் பார்த்தால் எடை குறைந்திருக்கும். நைவில் எடை குறையாது. இன்னொரு தடையும் உண்டு: சாரன் நைவது கண்ணுக்குத் தெரியும், சாஃப்ட் நைவது வெளியே தெரியாது. அதற்குக் கயிற்றைத்தான் காட்டுவேன். மேற்புரி நன்றாக இருக்க உட்புரி நைந்துபோன கயிற்றைக் கரையில் எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்.

நைவு விரிசல், நைவு முறிவு, நைவாயுள் (நைந்து முறியும்வரை தாங்கும் தடவைகள்) எல்லாம் தானாக வந்து சேர்கின்றன. உருக்கில் ஒரு தகைப்புக்குக் கீழே எத்தனை தடவை சுமை வந்து போனாலும் முறியாத எல்லை உண்டு. நன்றாக மினுக்கிய சிறிய சோதனைத் துண்டில் அது இழுவை வலிமையின் (ஒரே தடவையில் இழுத்து முறிக்க வேண்டிய தகைப்பின்) ஏறத்தாழப் பாதி. அதை நைவெல்லை எனலாம். “அலுமினியத்துக்குத் தெளிவான நைவெல்லை இல்லை” என்று கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன். வாசித்த யாரும் இடறவில்லை.

மிச்சம், உடைந்த முகத்தில் கண்ட அந்தக் கோடுகளுக்குப் பெயர். ஒரு கோடு ஒரு சுற்று அல்ல. ஆலை நின்று ஓடிய, சுமை கூடிக் குறைந்த கட்டங்களின் தடம் அது. கல்லடிக் கரையில் அலை திரும்பிய பிறகு ஈரமணலில் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கும் வரிகள் மாதிரியே இருக்கிறது, ஆங்கிலத்திலும் கடற்கரையை வைத்துத்தான் பெயர் (beach marks). அலைவரி எனலாம். ஒலி, ஒளி அலைகளோடு மாணவர் குழம்புவார்கள் என்று நினைத்தால் கரைவரி இருக்கிறது. இரண்டில் எது என்று சொல்லுங்கள். தவணைப் பரீட்சை வினாத்தாளை அடுத்த கிழமை கொடுக்க வேண்டும்.