மறுமொழி: ‘எலிவேட்டட்’ நிலையத்துக்கு ஒரே சொல் போதுமா?

அன்புள்ள குழுமத்தினருக்கு வணக்கம். தரைக்கு மேலே உயர்த்திய பாதையில் ஓடும் நகர ரயிலையும் அதன் நிலையத்தையும் ஆங்கிலத்தில் ‘எலிவேட்டட்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் என்று குழுமத்தில் நடக்கும் விவாதத்துக்கு என் மறுமொழி இது.

> ‘உயர்மட்ட ரயில் நிலையம்’ என்றே வைத்துவிடலாம். எல்லாருக்கும் விளங்கும். மேலும் இழுக்க வேண்டாம்.

அக்கரைப்பற்று நானா, இதை என்னால் ஏற்க முடியவில்லை. நம் பத்திரிகைகளில் ‘உயர்மட்ட’ என்ற அடை எங்கெங்கே வருகிறது என்று பாருங்கள்: உயர்மட்டக் கூட்டம், உயர்மட்டக் குழு, உயர்மட்டப் பேச்சுவார்த்தை. அங்கே உயர்ந்திருப்பது பதவி. ஏறாவூரில் ஒரு மாணவி ‘உயர்மட்ட நிலையம்’ என்று படித்தால், அமைச்சர்கள் இறங்கும் நிலையம் என்றுதான் நினைப்பாள். நம் மட்டக்களப்பு மாவட்டத்தில் ரயில் பாதை தரையோடு வந்து தரையிலேயே முடிகிறது. அம்பாறைக்கு ரயிலே இல்லை. இத்தகைய நிலையத்தைக் கண்ணால் பார்க்காதவருக்கு அதன் வடிவத்தைச் சொல்லே காட்டியாக வேண்டும்.

‘பறக்கும் ரயில்’ என்று சிலர் எழுதியிருந்தார்கள். 1995இல் சென்னைக் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கிய ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் அது. பெயராக எனக்கும் மிகவும் பிடிக்கும். ஆனால் அதிலிருந்து வேறு சொல் பிறக்காது. பாதைக்கும் தூணுக்கும் நிலையத்துக்கும் ‘பறக்கும்’ என்பதை ஒட்டவைக்க முடியுமா? ‘பாலநிலையம்’ என்பதும் சரிவராது. பாலம் ஒன்றைக் கடக்கிறது. ஓட்டமாவடியில் ஒரு காலத்தில் ரயிலும் வாகனங்களும் சேர்ந்து போன பாலம் ஆற்றைக் கடப்பதற்காகப் போட்டது. நகரத்து மேல்பாதை எதையும் கடப்பதற்காக எழுப்பியதல்ல. தெருவோடு தெருவாக மைல் கணக்கில் நீள்கிறது.

நான் தமிழில் எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரை சிகாகோவின் வில்சன் நிலையத்தைப் பற்றியது. சொல்லைத் தேட வைத்ததே அந்த நிலையத்தின் வரலாறுதான். நார்த்வெஸ்டர்ன் எலிவேட்டட் என்ற தனியார் நிறுவனம் 1900இல் தன் பாதையின் வடக்கு முனையாக அதைத் திறந்தது. தொடக்கத்திலிருந்தே அது மின்சார ரயில். (ஆகவே இந்தக் கட்டுரையில் ‘புகையிரதம்’ வேண்டாம், ‘ரயில்’ போதும் என்பது என் முடிவு. அதே நகரில் 1892இல் திறந்த தெற்குப் பாதை நீராவியில் ஓடியது. அதற்கு வேண்டுமானால் பொருந்தும்.) 1908இல் பாதை வடக்கே எவன்ஸ்டன் நகர் வரை நீண்டது. அடுத்த ஆண்டே கட்டடக் கலைஞர் பிராங்க் லொயிட் ரைட் வரைந்த ஸ்டோர் ஆர்கேட் என்ற கடைத்தொகுதி தண்டவாளங்களுக்கு அடியில் எழுந்தது. 1922இல் அதை இடித்துவிட்டார்கள். 1923இல் ஆர்தர் கெர்பர் வடிவமைத்த நிலையக் கட்டடம் அங்கே வந்தது. பல பதிற்றாண்டுகள் கழித்து, 2014 முதல் 2017 வரை, 20.3 கோடி டொலர் செலவில் நிலையம் முழுவதையும் திரும்பக் கட்டினார்கள். கெர்பரின் கட்டடம் மட்டும் இடிபடாமல் பழைய முகத்தைத் திரும்பப் பெற்றது.

ரயில் மேலே, கடைகள் கீழே. ரைட்டுக்குக் கிடைத்தது அந்த அடிநிலம்தான். இதைத் தமிழில் சொல்ல நம் வயலில் ஒரு சொல் இருக்கிறது: பரண். யானைக்கும் பன்றிக்கும் காவலிருக்க நட்ட கால்களின்மேல் போடும் பரணில் பாரம் கால்வழியே இறங்குகிறது. அடியில் ஆள் நடக்கலாம், பயிரும் வளரலாம். சிகாகோவின் இரும்புக்கால் பாதையும் அமைப்பில் அதுவேதான். அதற்கு ‘பரண்பாதை’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

> பரண் என்றால் வீட்டுப் பரண்தானே நினைவுக்கு வரும்? அதோடு தமிழ்நாட்டில் வழங்காத சொல்லை நாம் ஏன் ஆக்க வேண்டும்?

குருக்கள்மடம் அக்கா, வீட்டுப் பரணும் ஆள் தலைக்குமேல் தாங்கி நிற்பதுதான், பொருள் கெடவில்லை. இரண்டாவது கேள்விக்கு என் பதில் சற்று அழுத்தமானது. 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை ஏற்றவர்களில் ஒருவர் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள். இந்த மண் கலைச்சொல்லை வாங்கிக்கொண்டு மட்டும் இருந்ததில்லை. நல்ல சொல் நம்மிடம் இருந்தால் முன்வைப்போம். அங்குள்ளவர்கள் ஏற்கட்டும், மறுக்கட்டும்.

ஒரே சொல் போதாது என்று நான் பிடிவாதமாக நிற்பதற்குக் காரணம் வில்சனுக்கு வடக்கே இருக்கிறது. அங்கே பாதை கால்களில் நிற்கவில்லை. தரையோடு ஓடியதைப் பின்னாளில் இருபுறமும் கொங்கிரீட் சுவர் எழுப்பி, நடுவே மண் நிரப்பி உயர்த்தினார்கள். நம் குளக்கட்டைப் பார்த்தவருக்கு விளக்கம் வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் அதுவும் எலிவேட்டட், இதுவும் எலிவேட்டட். நூறாண்டு பழைமையான அந்த மண்கட்டை லோரன்ஸ், ஆர்கைல், பெர்வின், பிரின் மோர் என்ற நான்கு நிலையங்கள் வழியே அகற்றி, கொங்கிரீட் தூண்கள்மேல் புதிய பாதை அமைத்து, 2025 ஜூலையில் திறந்தார்கள். இதை ஒரே சொல்லால் எழுதிப் பாருங்கள்: ‘உயர்மட்டப் பாதை அகற்றப்பட்டு உயர்மட்டப் பாதை அமைக்கப்பட்டது.’ வாசகருக்கு என்ன விளங்கும்? மண்கட்டுக்கு ‘மேட்டுப்பாதை’ என்று வைத்தால் ‘மேட்டுப்பாதையை அகற்றிப் பரண்பாதை அமைத்தார்கள்’ என்று முடிந்துவிடுகிறது. என்ன போயிற்று, என்ன வந்தது, அடியில் நிலம் திறந்ததா என்பதெல்லாம் ஒரே வரியில் தெரிகிறது. இரண்டுக்கும் பொதுவாக ‘மேம்பாதை’ இருக்கட்டும். மேம்பாலம் நமக்குப் பழகிய சொல். நிலையத்தைப் பொதுவாக ‘மேம்பாதை நிலையம்’ எனலாம். வில்சனைக் குறிப்பாகச் சொல்லும்போது ‘பரண்பாதை நிலையம்’. ‘மேடை நிலையம்’ வேண்டவே வேண்டாம். பயணிகள் நிற்கும் மேடையோடு குழம்பும்.

‘புனரமைப்பு’ பற்றியும் ஒரு சொல். சுனாமிக்குப் பின் நம் பக்கத்தில் வீதி, பள்ளி, வீடு, மதகு எல்லாமே புனரமைப்பு ஆகிவிட்டன. தாரை ஒட்டுப்போட்டாலும் புனரமைப்பு, அத்திவாரத்திலிருந்து கட்டினாலும் புனரமைப்பு. வில்சனில் நடந்தவை இரண்டு வேலைகள். பாதையும் மேடைகளும் ‘மீள்கட்டுமானம்’. கெர்பர் கட்டடத்துக்கு நடந்தது ‘மீட்டமைப்பு’. கல்லடியில் 1924இல் கட்டிய பழைய பாலம் நிற்க, பக்கத்தில் புதுப்பாலம் வந்ததே, அது இரண்டிலும் சேராது, அது புதுக்கட்டுமானம். பழையது எவ்வளவு மிஞ்சியது என்பதை வாசகர் சொல்லிலிருந்தே அறிய வேண்டும். கட்டடத்தின் வரலாற்றை எழுதுகிறவருக்கு இதைவிட முக்கியமான வேறுபாடு கிடையாது.

இனி ஒரு சொல்தான் மிச்சம். சிகாகோவில் ரயில் தடங்களுக்கு நிறத்தால் பெயர். 2017க்குப் பின் ஊதாப் பாதையின் விரைவு ரயிலும் வில்சனில் நிற்கிறது. சிவப்புப் பாதையில் வந்தவர் அங்கே இறங்கி அதில் ஏறலாம். இதற்குக் கல்முனை ஆசிரியர் ‘சந்தி’ என்றார். திருகோணமலைப் பாதையும் நம் பாதையும் பிரிகிற கல்லோயாவுக்கு அது பொருந்தும். வில்சனில் பாதை பிரியவில்லை, பயணிதான் ரயில் மாறுகிறார். ஆகவே ‘மாறுநிலையம்’ என்று எழுதியிருக்கிறேன். மறுப்புள்ளவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்; கட்டுரையை அதன்பின்தான் வெளியிடுவேன்.

அன்புடன்,
மட்டக்களப்பிலிருந்து