கழிஞ்சமலையும் ஆனைகொண்டான் கண்மாயும்

மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது பிள்ளைகளும் வயதானவர்களும் நம்மூர்க் கழிஞ்சமலையில் எளிதாக ஏறும்படி, நம் ஊர்ச் சங்கத்தின் பணத்தில் படிக்கட்டும் கைப்பிடிக் கம்பியும் அமைக்கலாமே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நல்ல எண்ணத்தில் கேட்டீர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அந்தப் பணம், மலையிலிருந்து கண்மாய்க்கு இறங்கும் ஓடைகளைத் தூர்வாரவே செலவிடப்பட வேண்டும் என்று கருதுகிறேன்.

மலை உயரமானதன்று. வெயில் ஏறுவதற்கு முன் கண்மாய்க்கரையிலிருந்து புறப்பட்டு, மூச்சு வாங்கும் இடத்தில் நின்று நின்று ஏறினால் பெரியவர்களும் குகைத்தளம் வரை வந்துவிடுவார்கள். மழை பெய்த மறுநாள் மட்டும் பாறை வழுக்கும். அன்று ஏறாமல் இருப்பதே நல்லது. குகையின் நெற்றியில், மழைநீர் உள்ளே வடியாமலிருக்க வெட்டிய விளிம்பை ஒட்டி, 2,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட தமிழி (தமிழ்ப் பிராமி) எழுத்துகள் இருக்கின்றன. நெல்வேலியைச் சேர்ந்த ஒருவரும், இலஞ்சி வேள் மாப்பரவனின் மகன் எமயவனும், சமணத் துறவிகள் தங்கிய இந்தக் குகையைச் செய்து கொடுத்ததை அவை சொல்கின்றன. எங்கோ தெற்கேயிருந்த ஊர்க்காரர்கள் நம்மூர் மலைக்குக் கொடை கொடுத்திருக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகளுக்கு அங்கேயே நிற்க வைத்துச் சொல்லுங்கள். அருகில் பாறையில் புடைப்பாகச் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவமும் அதன் கீழே வட்டெழுத்தும் உள்ளன. சமண முனிவர் அச்சணந்தி செய்வித்த அந்தத் திருமேனியைக் காக்கும் பொறுப்பு, கல்வெட்டின்படி, ஊராருடையது. சிவனின் வடிவமாகக் கருதப்படும் லகுலீசரின் சிற்பம் இருக்கும் குடைவரைச் சிவன் கோயிலையும் அதே நாளில் பார்த்துவிடலாம்.

குகையைத் தாண்டி மேலே போனால்தான் நான் சொல்ல வரும் செய்தி கண்ணுக்குத் தெரியும். ஆனைகொண்டான் கண்மாயும் அதற்கப்பால் வயல்களும் ஒரே பார்வையில் அடங்குகின்றன. ஏழு மலைகள் சூழ்ந்த நம்மூரில் 72 ஏரி, குளங்களும் 200 ஊற்றுகளும் இருப்பதாக அரசின் அறிவிப்பு கூறுகிறது. இத்தனை நீர்நிலைகள் இங்கே அமைந்ததற்கு இந்த மொட்டைப் பாறைகளே காரணம். மண் தரையில் விழும் மழையில் பெரும்பகுதி மண்ணுக்குள் போய்விடும். பாறையிலோ சிறு தூறல்கூட ஓட்டமாகிக் கீழே இறங்கும், வெடிப்புகளில் புகுந்த நீர் சுனையாகவும் ஊற்றாகவும் பல நாள் கழித்துக் கசியும். கண்மாய் கட்டிய முன்னோர் இந்தச் சரிவைப் பார்த்தே கரை போட்டு, நீர் திறக்க மடையும் மிகுநீர் வழியக் கலுங்கும் வைத்திருக்கிறார்கள். ஆகவே மலை வேறு, கண்மாய் வேறு என்று பிரித்துப் பேசவே முடியாது.

இதை நாம் நன்றாக அறிந்திருந்தும், 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏல அறிவிப்பு வந்தபோது, நாட்டுக்கு வேண்டிய கனிமம் எடுக்க வெறும் பாறையைக் கொடுத்தால் என்ன என்று கேட்டவர்கள் உண்டு. சுமார் 2,000 ஹெக்டேர் பரப்பில் பாறையோடு வரத்து நீரும் போயிருக்கும். 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட 193.215 ஹெக்டேர் பரப்பும் அந்த எல்லைக்குள் வந்திருந்தது. கிராம சபைத் தீர்மானங்கள், டிசம்பர் 9 அன்று சட்டமன்றத் தீர்மானம், ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு நடந்த பேரணி ஆகியவற்றுக்குப் பின், 2025 ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. வெயிலில் நடந்த நம் அம்மாக்களையும் அப்பத்தாக்களையும் நினைக்கும்போது இன்றும் எனக்குக் கண் கலங்குகிறது.

படிக்கட்டுக்கு வருகிறேன். தொல்லியல் சின்னம் இருக்கும் பாறையில் துளையிட்டுக் கம்பி நடுவது கூடாது. அதற்கு அனுமதியும் கிடைக்காது. வல்லூறும் கழுகும் இந்தப் பாறை முகடுகளில்தான் கூடு கட்டுகின்றன. ஏறும் வழி எளிதாகிக் கூட்டமும் ஒலிபெருக்கியும் மேலே வந்தால் அவை இடம் மாறிவிடும். ஓடைகளிலோ, சீமைக்கருவேலமும் நெகிழிக் குப்பையும் அடைத்து, மழை பெய்தும் கண்மாய்க்கு நீர் வந்து சேராத நிலை ஏற்படலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஊராட்சியின் ஒப்புதலோடும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவின் ஆலோசனையோடும், முதலில் ஆனைகொண்டான் கண்மாயின் வரத்து ஓடையைச் சரி செய்யலாம். வேலையை நம்மூர் ஆட்களிடமே கொடுப்போம்.

பொங்கலுக்கு வருபவர்கள், விடுப்பு அனுமதித்தால், ஜனவரி 26 கிராம சபை வரை தங்கியிருந்து இதை அங்கே முன்வையுங்கள். வர இயலாதவர்கள் தங்கள் கருத்தை அதற்கு முன் எழுதி அனுப்பினால், சபையில் படித்துக் காட்ட ஏற்பாடு செய்கிறேன்.