புளித்த பழச்சக்கை போட்டால் கோழிக்கு எலும்பு பலப்படுமா?

பண்ணைக்காரன்: சாறு பிழிந்த பழச்சக்கையைப் புளிக்கவைத்துத் தீவனத்தில் கலந்தால் கோழிக்குக் கால் பலம் கூடும் என்பது என் கட்சி. மக்காச்சோளம், சோயாவில் இருக்கும், எலும்புக்கு வேண்டிய பாஸ்பரஸில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு விதைகளில் அதைப் பிடித்துவைக்கும் பைடிக் அமிலத்தில் சிக்கிக்கொண்டு, பெரும்பாலும் எச்சத்தோடு வெளியே போகிறது. புளிப்பு அந்தப் பிடியைத் தளர்த்தும். சிட்ரிக் அமிலம் சேர்த்த பிராய்லர் குஞ்சுகளின் கால் எலும்பில் சாம்பல் (எலும்பை எரித்தால் மிஞ்சும் தாது) கூடியதை ஆய்வுகளே காட்டியிருக்கின்றன.

தீவனக் கலவை: அதெல்லாம் பாஸ்பரஸைக் குறைத்து வைத்த தீவனத்தில் அண்ணா. முட்டைக்கோழிக்கு அப்படியே பொருத்தாதீர்கள். அதன் தீவனத்தில் கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம். அவ்வளவு கால்சியத்தோடு பைடிக் அமிலம் இறுகிவிடும், புளிப்பு அங்கே எடுபடாது. அப்புறம், சக்கையில் நார்தான் அதிகம். கால்சியமும் புரதமும் சொற்பம். தீவனத்தைக் குறைத்துச் சக்கையைப் போட்டால் சுண்ணாம்பும் சேர்ந்து குறைகிறது. ஒரு முட்டை ஓட்டுக்கே சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். தீவனத்தில் கிடைக்காததைக் கோழி தன் எலும்பைக் கரைத்துத்தான் ஓட்டில் போடும்.

பண்ணைக்காரன்: கிளிஞ்சல் தனியாக வைத்தால் தீர்ந்தது.

தீவனக் கலவை: அப்படியானால் எலும்பைக் காப்பாற்றியது கிளிஞ்சல். பெயர் மட்டும் சக்கைக்கா?

கால்நடை வைத்தியம்: இருவருமே பூஞ்சையை விட்டுவிட்டீர்கள். காற்றுப் புகாமல் புளித்தது வேறு, மூட்டையில் கிடந்து அழுகியது வேறு. பூஞ்சை நச்சான அஃப்ளாடாக்சின் கல்லீரலைக் கெடுக்கும். வைட்டமின் டி முதலில் மாற்றம் அடைவதே கல்லீரலில்தான். அது கெட்டால் வைட்டமின் டி3 கொட்டினாலும் கால் நிற்காது. முட்டைக்கோழி வைத்திருப்பவர்கள் கோழியைப் பிடித்து நெஞ்செலும்பின் விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். நேராகப் போகாமல் வளைந்தாலோ, நடுவில் முண்டு தட்டினாலோ எலும்பில் கோளாறு இருக்கிறது. சக்கை போடும் முன்னும் பின்னும் இதைப் பார்க்காமல் பலன் பேசக்கூடாது.

பண்ணைக்காரன்: பூஞ்சை விஷயம் சரி. பிராய்லரில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பாஸ்பரஸுக்காகச் சேர்க்கும் டிசிபி (டைகால்சியம் பாஸ்பேட்) குறைத்த ஒரே தீவனம், ஒரு கூட்டத்துக்குச் சக்கையோடு, இன்னொன்றுக்குச் சக்கை இல்லாமல். கால் எலும்பை எரித்துச் சாம்பலை எடை போடுவோம்.

தீவனக் கலவை: போடுங்கள். சக்கையை மட்டும் உலர்ந்த எடைக்குக் கணக்கிடுங்கள் அண்ணா, ஈரச் சக்கையில் முக்கால்வாசி தண்ணீர். இரண்டு தீவனத்திலும் கால்சியம், பாஸ்பரஸ், புரதம் சமமாக இல்லாவிட்டால் அந்தச் சாம்பலை நான் ஏற்க மாட்டேன்.