மாங்கூழ் தளத்தில் இந்தி கிறுக்கலாக வருகிறது

கேள்வி (கிருஷ்ணகிரி): மாங்கூழ் விற்பனைத் தளத்தில் இந்திப் பக்கம் சேர்த்தோம். ஃபைலை, எல்லா மொழி எழுத்தையும் ஏற்கும் யூனிகோடு முறையான யூடிஎஃப்-8இல்தான் சேமித்தோம். மாம்பழத்துக்கான ‘ஆம்’ வரவேண்டிய இடத்தில் ஆறு கிறுக்கல்கள். ஏன்?

பதில் 1: ஆறு என்பதிலேயே விடை இருக்கு. இந்தியின் தேவநாகரி எழுத்து ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் 3 பைட்; இரண்டுக்கு 6. பிரவுசர் அதை விண்டோஸ்-1252 என்ற பழைய ஐரோப்பிய எழுத்து முறை என நினைத்து, பைட்டுக்கு ஓர் எழுத்தாகப் படிக்குது. பக்கம் யூடிஎஃப்-8 என்று பிரவுசருக்குச் சொல்லும் மெட்டா சார்செட் வரியை ஃபைலின் முதல் 1024 பைட்டுக்குள் வையுங்க.

பதில் 2: சர்வர் பக்கத்தோடு அனுப்பும் கன்டென்ட்-டைப் ஹெடரையும் (பக்கத்தின் வகை, எழுத்து முறை சொல்லும் வரி) பாருங்க சார். அதில் ஐஎஸ்ஓ-8859-1 என்ற பழைய ஐரோப்பிய முறை இருந்தால் மெட்டா எடுபடாது.

பதில் 3 (தருமபுரி): டிடிபி சென்டரில் கிருதி தேவ் என்ற பழைய இந்தி ஃபான்டில் அடித்ததை ஒட்டினால் இதெல்லாம் பலிக்காது. நம்ம தமிழ் பாமினி ஃபான்ட் மாதிரி, ஆங்கில எழுத்துக்கு இந்தி வேஷம், அவ்வளவுதான். யூனிகோடுக்கு மாத்தியே ஆகணும். வெறும் கேள்விக்குறியாக வந்தால் பெரும்பாலும் எழுத்து டேட்டாபேஸிலேயே போச்சு. டேபிளை யூடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் முழு யூடிஎஃப்-8இன் பெயர்) ஆக்கிட்டு மறுபடி ஏத்துங்க.