பாண்டியம்மா வகையறா: மொட்டமாடிப் படம்

சனிக்கிழமை

பிரபு, காலை 10:12
சேக்காளிகிட்ட ப்ரொஜெக்டர் வாங்கிட்டு வந்துட்டேன். ராத்திரி ஏழரைக்கு நம்ம வீட்டு மொட்டமாடில படம். ஜமுக்காளம் நம்மகிட்ட ரெண்டு தான் இருக்கு, வர்றவுக ஒண்ணு கொண்டாங்க

சரவணன்
என்ன படம்

பிரபு
தி இன்கிரெடிபிள்ஸ், குடும்பமே சூப்பர்ஹீரோவா இருக்குற படம். காலேஜ் படிக்கிறப்ப வாங்குன டிவிடி, இன்னும் ஓடுது

சரவணன்
பொம்மைப் படமா?? ஏண்டா, அலங்காநல்லூர் வரைக்கும் வண்டி கட்டி வந்து பெருசுக பூராம் பொம்மைப் படமாடா பாக்கணும்

முருகன்
மச்சான் சொல்றது சரி. எம்ஜிஆர் படம் ஒண்ணு போடு மாப்ள

ஹரிணி
அப்பா, எம்ஜிஆர் போட்டா பத்தாவது நிமிசம் நாங்க கீழ போய் போன் நோண்டுவோம். நாங்க கேக்குறத போட்டா நீங்க குறட்டை விடுவீங்க. ரெண்டு கோஷ்டியும் எந்திரிக்காம உக்கார்றது இந்த மாதிரிப் படத்துக்குத் தான்

சரவணன்
2023-ல அப்பிடிச் சொல்லித்தான ஸ்பைடர்மேனுக்கு இழுத்துட்டுப் போன. ரெண்டு மணி இருவது நிமிசம் உக்காந்து பாத்தா, கடைசில கதைய முடிக்காம அனுப்பி விட்டுட்டாய்ங்க. சுதன் தேட்டர் தரையில உருண்டான்

ஹரிணி
பம்பாயும் மன்ஹாட்டனும் கலந்த ஊரு ஒண்ணு வந்துச்சே, மும்பாட்டன். அங்கன மாடும் ஆட்டோவும் ட்ராபிக்ல நிக்கிறப்ப முதல்ல சிரிச்சது யாரு மாமா?

சரவணன்
அது வேற

முருகன்
என்ன இருந்தாலும் கம்ப்யூட்டர் தான் எல்லாம் செய்யுது. நடிப்பா ஒண்ணா

பிரபு
மச்சான், அந்த ஸ்பைடர்மேனுக்கு முந்துன படம் 2018-ல வந்துச்சு. அதுல பையன் மைல்ஸ் புதுசா வலை வீசக் கத்துக்குறான். அவன் அசையுறதுக்கு நொடிக்கு 12 ப்ரேம், அதாவது 12 தனிப்படம் தான் குடுத்துருப்பாய்ங்க. பக்கத்துல தாவுற பழைய ஸ்பைடர்மேனுக்கு 24. அதுனால தான் இவன் தடுமாறுறான், அவன் வழுக்கிட்டுப் போறான். எந்த இடத்துல எத்தனை படம்னு ஆளு உக்காந்து முடிவு பண்ணணும். அந்தப் படம் ஆஸ்கார் வாங்குச்சு

முருகன்
👍 சரி சரி

கவிதா
எனக்கு வேற பயம் தம்பி. சுதன் செவ்வாக்கிழமை என்ன செஞ்சான் தெரியுமா. துண்ட கழுத்துல இறுக்கி முடிச்சுப் போட்டுக்கிட்டு கட்டில்ல இருந்து பறந்துருக்கான். துண்டு நுனி பீரோ கைப்பிடில மாட்டிக்கிச்சு. நான் தோசைக்கரண்டியோட ஓடுறேன், புள்ள நுனிக்கால்ல நிக்கிறான், முகமெல்லாம் செவந்து போச்சு. முடிச்சு அவுக்க வரல. கத்தரிய எடுத்து வெட்டி விட்டேன். ரெண்டு நாளா கழுத்துல செவப்புக் கோடு. பறக்குற படமே வேணாம்னு இருக்கேன்

சரவணன்
என் ஈரோட்டுத் துண்ட வெட்டுனது நீ தானா. எலி கடிச்சிருச்சுன்ன

கவிதா
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ஹரிணி
அத்தை, அப்ப இந்தப் படத்தத் தான் காட்டணும்! இதுல ஈட்னான்னு குட்டையா கண்ணாடி போட்ட அம்மா ஒண்ணு வரும். வீரர்களுக்கெல்லாம் உடுப்புத் தைக்கிறது அது தான். முதுகுல துணி தொங்க விடவே கூடாதுன்னு ஒத்தக் கால்ல நிக்கும். ஒருத்தன் துணி விமான எஞ்சின்ல சிக்குச்சு, ஒருத்தன் துணி லிப்டுல மாட்டுச்சுன்னு வரிசையா எடுத்து விடும். நாம நூறு தடவை சொன்னாலும் கேக்க மாட்டான், அது சொன்னா கேப்பான்

பிரபு
அதுக்குக் குரல் குடுத்தது ஒரு ஆம்பளை, மதினி. படத்தோட டைரக்டர் பிராட் பேர்டே தான்

அப்பத்தா
🎤 குரல் செய்தி 1:04

ஹரிணி
அம்மாச்சி பேசுனத டைப் பண்றேன். "ஏப்பா சரவணா, பொம்மைன்னா சின்னப்புள்ளைகளுக்குன்னு ஒனக்கு யாரு சொன்னது? நான் சிறுசா இருக்கையில தோல்பாவைக்கூத்து போடுவாக. வெள்ளை வேட்டிய இழுத்துக் கட்டி, பின்னாடி வெளக்கு வச்சு, ஆட்டுத்தோல்ல வெட்டுன அனுமாரு தாவுவாரு. இலங்கை எரியுறப்ப கெழவன் கெழவி அம்புட்டுப் பேரும் மண்ணுல உக்காந்து பாத்தோம். உச்சிக்குடும்பன், உளுவத்தலையன்னு ரெண்டு கோமாளிப் பொம்மைக வந்தா ஒங்க தாத்தா உருண்டு உருண்டு சிரிப்பாரு. போடச் சொல்லு அவன. இங்கிலீசுன்னா ஹரிணி எனக்குக் கத சொல்லட்டும்."

சரவணன்
சரி. ஆத்தா சொன்ன பெறகு என்ன

—

ஜோதி, இரவு 10:48
இப்பத்தான் வார்டுல ஓஞ்சு உக்காந்தேன். படம் எப்பிடி? யாராச்சும் பாத்தீங்களா தூங்கிட்டீங்களா?

பிரபு
அக்கா, யாரும் தூங்கல. நடுவுல கரண்டு போயிருச்சு, பதினஞ்சு நிமிசம். அப்பவும் எந்திரிக்கல

முருகன்
கொசு தான் தாங்கல

ஹரிணி
அம்மா, பெரிய மாமா என்ன சொல்றாருன்னு கேளு

சரவணன்
ஜோதி, நான் சண்டைக் காட்சிக்கெல்லாம் அசரல. அந்த அப்பங்காரன் பாபு முன்னாடி பெரிய வீரன். இப்ப இன்சூரன்ஸ் ஆபீசுல சின்ன மேசை, அதுக்குள்ள அம்புட்டு ஒடம்பையும் மடக்கி உக்காந்துருக்கான். பாவம் ஒரு கெழவி வந்து நிக்குது, பணம் வாங்குற வழிய நைசா சொல்லி விடுறான். அதுக்கு மேலதிகாரி கூப்புட்டு வாங்கு வாங்குன்னு வாங்குறான். சாயந்தரம் அவன் ஒடம்பு கொள்ளாத காருல இருந்து வீட்டு வாசல்ல இறங்குறப்ப எனக்கு நெஞ்சு ஒரு மாதிரி ஆயிருச்சு. எங்க ஆபீசு நாற்காலியும் அதே தான்

ஜோதி
அண்ணே 😂

கவிதா
எனக்குச் சாப்பாட்டு மேசை. பையனும் பொண்ணும் மேசைக்கடியில அடிச்சுப் புரளுதுக, அம்மா ஒரு கை இந்தப் பக்கம் ஒரு கை அந்தப் பக்கம் ரப்பரா நீட்டிப் புடிக்கிறா. அந்த மனுசன் பேப்பர் பாத்துக்கிட்டு இருக்கான்! சத்தம் போட்டுக் கூப்புட்ட பெறகு தான் வர்றான். நான் இவுகளத் திரும்பிப் பாத்தேன்

சரவணன்
நான் உனக்கு உதவுறதே இல்லையா

கவிதா
பாத்தேன்னு தான சொன்னேன்

ஹரிணி
யாருக்கு எது பொருந்துமோ அந்த சக்தியத் தான் குடுத்துருக்காங்கம்மா. அம்மாவுக்கு எல்லாப் பக்கமும் இழுபடுற கை. டீன்ஏஜ் பொண்ணுக்கு யார் கண்ணுலயும் படாம மறையுற சக்தி (அது நான்). ஒரு எடத்துல நிக்காத பையனுக்கு ஓட்டம். கைக்குழந்தைக்கு என்ன இருக்குன்னு கடைசி வரைக்கும் வீட்டுல யாருக்கும் தெரியாது

ஜோதி
ஆத்தா என்ன சொன்னாக?

பிரபு
"இதுல யாரு மாமியா?"ன்னு கேட்டாக. இல்லைன்னதும் "அதான் மேசைல சண்ட"ன்னுட்டு வெத்தலைய எடுத்தாக 😄

ஹரிணி
ரெண்டாவது படம் 2018-ல வந்துச்சு, 14 வருசம் கழிச்சு. ஆனா முதல் படம் முடிஞ்ச நிமிசத்துல இருந்தே கத தொடங்கும். அதுல அம்மா வேலைக்குப் போவாங்க, அப்பா வீட்டுல புள்ளைகளப் பாப்பாரு

கவிதா
பிரபு தம்பி அது இருக்கா

சரவணன்
அதெல்லாம் அடுத்த லீவுக்குப் பாக்கலாம்

—

ஞாயித்துக்கிழமை

ஜோதி, காலை 7:20
மதினி, சுதன் என்ன செய்யுறான்? அந்த ஈட்னா பேச்சக் கேட்டானா?

கவிதா
கேட்டுட்டான். துண்டு எல்லாத்தையும் மடிச்சு பீரோவுல வச்சு, "இனிமே இதெல்லாம் கட்டக் கூடாதும்மா, விமானத்துல மாட்டிரும்"ன்னு எனக்கே சொன்னான்

ஜோதி
அப்பாடா

கவிதா
இப்பத் துண்டு இல்லாம குதிக்கிறான். கட்டில்ல இருந்து

சரவணன்
துண்டு பத்திரம்ல?