ஒன்டாரியோவுக்கு வந்திருக்கும் சிவில் பொறியாளர்களுக்கு: பி.எங். உரிமமும் அதற்கு முன்பே கிடைக்கும் வேலைகளும்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துக்குப் புதிதாக வரும் நம்மவர்களில் சிவில் படித்தவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: பி.எங். எனப்படும் பொறியாளர் உரிமத்தை வாங்கிவிட்டு வேலை தேடுவதா, அல்லது ஏதாவது ஒரு வேலையில் சேர்ந்துவிட்டு உரிமத்தைப் பிறகு பார்த்துக்கொள்வதா? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உரிமத்துக்கான விண்ணப்பம் ஒருபுறம் நடக்கட்டும். உரிமம் தேவைப்படாத, ஆனால் துறையை விட்டு விலகாத வேலை ஒன்றை இன்றிலிருந்தே தேடத் தொடங்குங்கள். வாடகைக்காகக் கிடங்கிலோ கடையிலோ வேலை பார்ப்பதில் எந்தக் குறைவும் இல்லை. ஆனால் அங்கேயே சில ஆண்டுகள் கழிந்துவிட்டால் துறைக்குத் திரும்புவது எவ்வளவு கடினமாகிவிடுகிறது என்பதைத் திறமையான பலரிடம் வருத்தத்துடன் பார்த்திருக்கிறேன்.

ஊரில் பட்டம் கையில் வந்த அன்றே ஒருவர் பொறியாளர் ஆகிவிடுகிறார். இங்கே பொறியியல் என்பது மருத்துவம், சட்டம் போலச் சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்பட்ட தொழில். ஒன்டாரியோவில் 1922இலிருந்து பி.இ.ஓ. என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் புரொஃபெஷனல் இன்ஜினியர்ஸ் ஒன்டாரியோ அமைப்பு அந்தப் பொறுப்பை வகிக்கிறது. மற்ற மாகாணங்களில் வேறு அமைப்புகள் உண்டு. உரிமம் பெற்றவர் ஒரு வரைபடத்தில் கையொப்பமிட்டு முத்திரை வைத்தால், அந்த வேலைக்கு அவர் தனிப்பட்ட முறையில் பொறுப்பேற்கிறார். எலியட் லேக் என்ற சிற்றூரில், கூரையையே வாகன நிறுத்துமிடமாகக் கொண்டிருந்த ஒரு வணிக வளாகத்தின் கூரைப்பகுதி 2012 ஜூன் மாதத்தில் இடிந்து விழுந்து இரண்டு பெண்கள் இறந்தார்கள். பல ஆண்டுகளாகக் கசிந்த உப்புநீர் எஃகு இணைப்பை அரித்திருந்ததையும், அத்தனை ஆண்டுகளில் அந்தக் கட்டடத்தைப் பார்வையிட்ட பொறியாளர்களின் அறிக்கைகளையும் பின்னர் ஒரு பொது விசாரணை விரிவாக ஆராய்ந்தது. ஒரு பொறியாளர் எழுதும் பார்வை அறிக்கை இங்கே எவ்வளவு கனமானது என்பதை உணர, அந்த விசாரணை அறிக்கையை வாசிப்பதே போதும்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். குடியேற்றத்துக்காக நீங்கள் பெற்ற கல்வி மதிப்பீட்டு அறிக்கை உரிமத்துக்கு ஈடாகாது. உங்கள் பட்டம் கனடியப் பட்டம் ஒன்றுக்குச் சமம் என்று மட்டுமே அது சொல்கிறது. பொறியியல் பட்டப்படிப்புகளின் தரத்தை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியாவும் இலங்கையும் 2014இல் முழு உறுப்பினர்களாகச் சேர்ந்தது உண்மைதான். ஆனால் நம் கல்லூரிகள் எல்லாவற்றின் எல்லாப் பாடப்பிரிவுகளும் அதில் அடங்கிவிடவில்லை. அந்த உடன்படிக்கை உரிமத்தையும் வழங்குவதில்லை. பி.இ.ஓ. உங்கள் கல்வியைத் தனியாக ஆராயும். தேவை என்று கருதினால் தொழில்நுட்பத் தேர்வுகளை எழுதச் சொல்லும். அதற்கு மேல், சட்டத்தையும் தொழில் அறத்தையும் பற்றிய என்.பி.பி.இ. தேர்வும், 48 மாதப் பொறியியல் அனுபவமும் வேண்டும்.

முன்பு அந்த 48 மாதங்களில் 12 மாதமாவது கனடாவில் பெற்றதாக இருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. வேலை இல்லாமல் அனுபவம் இல்லை, அனுபவம் இல்லாமல் வேலை இல்லை என்று எத்தனையோ பேரை அது முடக்கிப்போட்டது. 2023 மே மாதத்தில் பி.இ.ஓ. அதை நீக்கியது. ஆகவே சென்னையிலோ கொழும்பிலோ துபாயிலோ நீங்கள் செய்த வேலையையும் இன்று கணக்கில் காட்டலாம். ஆனால் 34 திறன்களின் கீழ், எந்தச் சூழலில், நீங்களே என்ன செய்தீர்கள், விளைவு என்ன என்று எழுத வேண்டும்; அதை அறிந்த ஒருவர் உறுதிப்படுத்தவும் வேண்டும். நம் ஊர் அனுபவச் சான்றிதழில் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் நன்னடத்தையும்தான் இருக்கும். அது இங்கே உதவாது. இன்னும் புறப்படாதவர்கள் இதை வாசித்தால், உங்கள் கணக்கீடுகளை நேரில் சரிபார்த்த மேலதிகாரியின் சொந்த மின்னஞ்சலையும் தொலைபேசி எண்ணையும் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஓய்வு பெற்ற பிறகு அலுவலக முகவரிக்கு எழுதிப் பயனில்லை.

உரிமம் வரும்வரை என்ன வேலை செய்வது? உரிமம் பெற்ற ஒருவர் பொறுப்பேற்றுக்கொண்டால், அவர் கீழ் நீங்கள் வடிவமைப்பு வேலையே செய்யலாம். சட்டம் அதை அனுமதிக்கிறது. முதல் வேலையாக அது எளிதில் கிடைப்பதில்லை என்பதுதான் சிக்கல். நான் அதிகம் பரிந்துரைப்பது, மண்ணையும் கான்கிரீட்டையும் சோதிக்கும் ஆலோசனை நிறுவனங்களின் களப்பணியை. பனி உருகியதும் கட்டுமானப் பருவம் தொடங்கிவிடும்; அதற்காகக் குளிர்காலம் முடிவதற்குள்ளேயே ஆள் எடுப்பார்கள். ஓட்டுநர் உரிமமும் அதிகாலையில் தளத்துக்குப் போகும் மனமும் இருந்தால் வாய்ப்பு உண்டு. ஊதியம் பெரிதாக இராது. ஆனால் இந்த நாட்டின் கட்டுமான முறையை அதைவிட விரைவாகக் கற்றுக்கொடுக்கும் இடம் வேறொன்றை நான் அறியேன்.

கற்க வேண்டியவை உண்மையிலேயே நிறைய இருக்கின்றன. ஊரில் 150 மில்லிமீட்டர் கனசதுரத்தை உடைத்து வலிமை பார்த்தோம். இங்கே 100க்கு 200 மில்லிமீட்டர் உருளை. ஒரே கான்கிரீட் கனசதுரத்தில் கூடுதல் வலிமை காட்டும் என்பதால், கனசதுரத்தில் 30 எம்.பி.ஏ. (மெகாபாஸ்கல்) வலிமை காட்ட வேண்டிய நம் எம்-30 கான்கிரீட்டையும் இங்குள்ள 30 எம்.பி.ஏ. கான்கிரீட்டையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது. நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரியும். அந்த விரிவுக்கு இடம் தருவதற்காக, வெளியே போடும் நடைபாதைக் கான்கிரீட்டில் 5 முதல் 8 விழுக்காடு வரை நுண்காற்றுக் குமிழ்களை வேண்டுமென்றே சேர்க்கிறார்கள். மண் உறைந்து மேலெழும்புவதால், தென் ஒன்டாரியோவில் அஸ்திவாரத்தின் அடி பொதுவாக 1.2 மீட்டர் ஆழத்துக்குப் போகிறது. வெப்பநிலை 5 டிகிரிக்கு இறங்கினாலே குளிர்காலக் கான்கிரீட் விதிகளைப் பின்பற்ற வேண்டும். சாலையில் தூவும் உப்பு கம்பியை அரிப்பதும், கூரையில் சேரும் பனியின் பாரமும், வீடுகளை மரச்சட்டங்களால் கட்டுவதும் நம் பாடத்திட்டத்தில் அநேகமாக வராதவை. நேர்காணலில் இவற்றைத் தெளிவாகப் பேசுபவரிடம், இந்த ஊருக்குப் புதியவரா என்று கேட்பது குறைந்துவிடும்.

வளைகுடாவில் அளவுக் கணக்கும் மதிப்பீடும் பார்த்தவர்கள் ஒப்பந்த நிறுவனங்களில் எஸ்டிமேட்டர் வேலைக்கு முயலலாம். அதற்கு உரிமம் தேவையில்லை, நல்ல ஊதியமும் உண்டு. ரெவிட் என்ற கட்டட வடிவமைப்பு மென்பொருள் நன்றாகத் தெரிந்தவர்களுக்குக் கணினியில் கட்டட மாதிரி உருவாக்கும் வேலைகளும், நகராட்சிகளில் வரைபடங்களைச் சரிபார்க்கும் வேலைகளும் இருக்கின்றன. வீடுகளின் வரைபடங்களைத் தயாரிக்க விரும்புபவர்கள் மாகாணக் கட்டடச் சட்டத் தேர்வுகளை எழுதி பி.சி.ஐ.என். எனப்படும் கட்டடச் சட்டத் தகுதிக்கான அடையாள எண் பெறலாம், ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் அடித்தளத்தில் இரண்டாவது குடியிருப்பு அமைப்பதற்கான வரைபடங்கள் பலவும் இந்த வழியில்தான் தயாராகின்றன. வடிவமைப்பில் பெரிய நாட்டமில்லாதவர்கள் ஒன்டாரியோவின் பொறியியல் தொழில்நுட்பவியலாளர்களுக்கான ஓ.ஏ.சி.இ.டி.டி. அமைப்பு தரும் சி.இ.டி. (சான்று பெற்ற பொறியியல் தொழில்நுட்பவியலாளர்) சான்றிதழையும் நினைத்துப் பாருங்கள். அதை இரண்டாந்தரம் என்று ஒதுக்குவது சரியல்ல. அந்தத் தகுதியோடு பெரிய திட்டங்களை நடத்துபவர்கள் இருக்கிறார்கள்.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். உரிமம் இல்லாதவர் பெயருக்கு முன்னோ பின்னோ பொறியாளர் என்று ஆங்கிலத்தில் போட்டுக்கொள்வது இங்கே சட்ட மீறல். லிங்க்ட்இன் பக்கத்துக்கும் இது பொருந்தும். பெற்ற பட்டத்தை அப்படியே குறிப்பிடுவதில் தடையில்லை. இரண்டாவதாக, 25 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட நிறுவனங்கள் 2026 ஜனவரி 1 முதல் தங்கள் பொது விளம்பரங்களில் கனடிய அனுபவம் வேண்டும் என்று கேட்கக் கூடாது. உங்கள் துறை, அனுபவம், இப்போது வசிக்கும் நகரம் ஆகியவற்றைக் கீழே எழுதினால், எந்த வகை வேலையில் தொடங்கலாம் என்று ஒவ்வொருவருக்கும் பதில் எழுதுகிறேன். திறன் விளக்கங்களின் வரைவை அனுப்பினால் வாசித்துத் திருத்தமும் சொல்கிறேன்.